பேச மறுக்கும் பதிவு

ஒலி, பிறந்த கணத்திலேயே மறையும் இயல்புடையது. எழுத்து ஏட்டில் நிற்கும். சிற்பம் கல்லில் நிற்கும். வாயினின்றும் வெளிப்பட்ட சொல்லோ காற்றோடு கலந்து போய்விடும். அதனைப் பிடித்து நிறுத்தும் வழியை 1877-ஆம் ஆண்டில் எடிசன் கண்டார். சுழலும் உருளையின்மேல் மெல்லிய உலோகத் தாளைச் சுற்றி, ஒலியின் அதிர்வை அதன்மேல் ஊசியால் பள்ளமும் மேடுமாகப் பதித்தார். அப்பள்ளத்தின் வழியே மீண்டும் ஊசியைச் செலுத்தி, பேசிய பேச்சைத் திரும்பக் கேட்கச் செய்தார். அதன் பின் இசைத்தட்டு வந்தது; காந்த நாடா வந்தது. இன்றோ ஒலியை எண்களாக மாற்றிக் கணினியில் வைத்துக்கொள்ளுகிறோம்.

இம்மாறுதலால் விளைந்த நன்மை பெரிது. ஆயினும் ஒரு தொல்லையும் உடன் வந்தது. இசைத்தட்டில் கீறல் விழுந்தால் கண்ணால் காணலாம். நாடா அறுந்தால் கையால் தொட்டு அறியலாம். எண்களால் ஆன பதிவு ஒருநாள் திடீரெனப் பேச மறுத்தால், குறை எங்கே என்பது கண்ணுக்கும் தெரிவதில்லை, கைக்கும் தெரிவதில்லை. அதிலும், ஒலிகளை வெட்டி ஒட்டிச் சீர்செய்ய உதவும் மென்பொருளின் பழைய பதிப்பை நீக்கிப் புதிய பதிப்பை ஏற்றியவுடன் இத்தொல்லை நேர்வது மிகுதி. நேற்று வரை ஒலித்தது இன்று ஒலிக்கவில்லை. 'பதிவு அழிந்துவிட்டது' என்று பலர் முடிவு கட்டிவிடுகின்றனர். அம்முடிவு பெரும்பாலும் தவறானது. அது ஏன் தவறு, உண்மைக் குறையைக் காண்பது எவ்வாறு என்பவற்றையே இப்பொழுது ஆராய்வோம்.

இதில் என்ன பெரிய இழப்பு நேர்ந்துவிடப் போகிறது என்று சிலர் நினைக்கலாம். அவர்கள் பொருட்டு ஓர் எடுத்துக்காட்டைக் கூறுகிறேன். திருத்தணிக்கு அருகில் கே.ஜி.கண்டிகை என்னும் ஊர் இருக்கிறது. தமிழும் தெலுங்கும் அடுத்தடுத்து வழங்கும் எல்லைப் பகுதி அது. 1953-ஆம் ஆண்டில் ஆந்திர மாநிலம் தனியே அமைந்தபோது, திருத்தணி வட்டம் சித்தூர் மாவட்டத்தோடு ஆந்திரத்தில் இருந்தது. ம. பொ. சிவஞானம், மங்கலங்கிழார் முதலியோர் முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டமும், அதன் பின் படாஸ்கர் செய்த சமரச ஏற்பாடும் நீங்கள் வரலாற்று நூல்களில் படித்தவை. அவ்வேற்பாட்டின்படி 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் நாள் திருத்தணி சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. அந்நாளில் பள்ளிச் சிறுவர்களாய் இருந்தவர்கள் இன்று எண்பதை ஒட்டியும் கடந்தும் வாழ்கின்றனர். நூல்கள் அரசாணையைச் சொல்லும். ஊர்வலத்தில் எழுந்த முழக்கத்தையும், இரு மொழி பேசும் ஒரே தெருவில் அண்டை வீட்டார் எவ்வாறு பழகினர் என்பதையும் இம்முதியோரே சொல்ல வல்லவர்கள்.

கே.ஜி.கண்டிகையைச் சேர்ந்த கல்லூரி மாணவி ஒருத்தி, தன் ஊர்ப் பெரியவர் ஒருவரின் நினைவுகளை ஒரு மணி நேரம் பதிவு செய்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அப்பெரியவர் அதன் பின் காலமாகிவிட்டார் என்றும் கொள்வோம். இனி அப்பதிவை மீண்டும் எடுக்க இயலாது. அத்தகைய பதிவு பேச மறுக்கும்போது அவள் செய்யும் முதல் செயலே அதனைக் காக்கவும் கூடும், கெடுக்கவும் கூடும். ஆதலால் பதற்றத்தை நீக்கி, முறைப்படி ஆராய்வது இங்கே கடமையாகிறது.

வயலுக்கு நீர் வரவில்லை என்றால், ஏரி வற்றிவிட்டது என்று உழவர் உடனே முடிவு செய்வதில்லை. மதகு திறந்திருக்கிறதா, கால்வாயில் உடைப்பு உண்டா, மடை அடைபட்டிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவருவார். ஒலியும் அவ்வாறே பல நிலைகளைக் கடந்து நம் செவியை அடைகிறது. முதலாவது, எண்கள் அடங்கிய கோப்பு. இரண்டாவது, அக்கோப்பைப் படிக்கும் மென்பொருள். மூன்றாவது, விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயங்குதளம். நான்காவது, எண்களை மின்னோட்டமாக மாற்றும் சவுண்ட் கார்டு. ஐந்தாவது, மின்னோட்டத்தைக் காற்றின் அதிர்வாக்கும் ஒலிபெருக்கி அல்லது ஹெட்போன். மென்பொருளைப் புதுப்பித்தல் இரண்டாவது நிலையில் மட்டும் செய்த மாறுதல். அதனால் ஏரி வற்ற வேண்டிய காரணமே இல்லை. மதகும் கால்வாயும் ஒன்றோடொன்று பொருந்தாமற் போயிருப்பதே இயல்பாக நடப்பது.

எனவே முதற் கடமை ஏரியைக் காப்பது. பதிவுக் கோப்பைத் தொடுவதற்கு முன் அதற்கு ஒரு நகல் எடுத்து, வேறொரு வட்டிலோ பென் டிரைவிலோ வைத்துவிட வேண்டும். இனிச் செய்யும் சோதனை எல்லாவற்றையும் நகலின்மேலேயே செய்ய வேண்டும். திரையில் 'சேமிக்கவா?' என்று கேள்வி எழுந்தால் மூலத்தின்மேல் 'ஆம்' என்று சொல்லலாகாது. குறைபட்ட நிலையில் சேமித்தால், அக்குறையே நிலைபெற்றுவிடும்.

அடுத்து இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும். அதே கணினியில் வேறு ஒலிகள் கேட்கின்றனவா? அதே பதிவு வேறொரு கணினியிலோ வேறொரு மென்பொருளிலோ ஒலிக்கிறதா? முதற் கேள்விக்கு 'இல்லை' என்பது விடையானால், குறை மென்பொருளிலன்று. ஒலிபெருக்கியிலோ சவுண்ட் கார்டிலோ இயங்குதளத்திலோ இருக்கிறது. வேறு ஒலிகள் கேட்டு, அப்பதிவும் பிறிதோரிடத்தில் ஒலிக்குமானால், ஏரியும் நிறைந்திருக்கிறது, வயற்கால்வாயும் சரியாயிருக்கிறது. நடுவே மதகைத் திறக்கும் முறையில்தான் பிழை. இவ்விரு விடைகளால் தேட வேண்டிய இடம் பாதிக்கு மேல் குறைந்துவிடுகிறது.

இனி மென்பொருளின் திரையை நோக்குவோம். அங்கே ஒலி ஓர் அலைக்கோடாக வரையப்பட்டிருக்கும். ஒலிக்கச் செய்தவுடன் ஓர் அளவுமானி ஏறி இறங்கும். அலைக்கோடு தெரிந்து அளவுமானியும் அசைகிறது, ஆனால் செவிக்கு ஒன்றும் கேட்கவில்லை என்றால், மென்பொருள் தன் கடமையைச் செய்துவிட்டது. ஒலி வேறு எங்கோ போகிறது என்பது பொருள். கேபிள் வழியே இணைத்த திரைக்கருவியும் கணினிக்கு ஓர் ஒலிக்கருவியாகத் தோன்றுவதுண்டு. புதிய பதிப்பு தன் அமைப்புகளைப் புதிதாகத் தொடங்கும்போது, ஒலிபெருக்கியே இல்லாத அத்திரைக்கு ஒலியை அனுப்பிக்கொண்டிருக்கலாம். ஒலி வெளியேறும் கருவி எது என்று காட்டும் பட்டியலைத் திறந்து, உரிய ஹெட்போனையோ ஒலிபெருக்கியையோ தேர்ந்தெடுத்தால் போதும், குறை தீர்ந்துவிடும்.

கம்பியில்லா ப்ளூடூத் ஹெட்போனைப் பயன்படுத்துவோர் வேறொன்றையும் நினைவிற் கொள்ள வேண்டும். அக்கருவிகளிற் பல, தம்முள் அமைந்த மைக் இயங்கத் தொடங்கியவுடன், இசை கேட்கும் முறையை விட்டுத் தொலைபேசிப் பேச்சுக்குரிய முறைக்கு மாறிவிடுகின்றன. அப்பொழுது நல்ல பதிவும் குழாய்க்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்கும். பதிவு கெட்டுவிட்டதென்று மயங்க வேண்டா. கம்பியுள்ள ஹெட்போனை மாட்டிக் கேட்டால் உண்மை விளங்கும்.

சிற்சில வேளைகளில் ஒலிச் சாதனத்தைத் திறக்க இயலவில்லை என்னும் செய்தி திரையில் தோன்றி, ஒலி அறவே தொடங்காமல் நின்றுவிடும். இதன் காரணத்தை அறிய, ஒலி எண்ணாகும் வகையைச் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும். ஓடும் ஆற்றின் நீர்மட்டத்தை நாழிகைக்கு ஒருமுறை அளந்து குறித்து வைப்பதுபோல், ஒலியலையின் உயரத்தை விநாடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து குறிக்கிறார்கள். இதுவே மாதிரி வீதம் எனப்படும். மென்பொருள்களில் 'சாம்பிள் ரேட்' என்ற பெயரால் காணப்படும். மனிதச் செவி ஏறத்தாழ விநாடிக்கு 20,000 அதிர்வுகள் வரை கேட்க வல்லது. ஓர் அலையைப் பழுதின்றித் திரும்பப் பெற வேண்டுமானால், அதன் அதிர்வெண்ணைப் போல் இரு மடங்குக்கு மேற்பட்ட முறை அளக்க வேண்டும். நைக்குவிஸ்ட் 1928-ஆம் ஆண்டிலும் ஷானன் 1949-ஆம் ஆண்டிலும் வெளியிட்ட கட்டுரைகள் இவ்விதிக்கு அடிப்படை. ஆகவே 40,000-க்குச் சற்று மேற்பட்ட எண் ஒன்று தேவையாயிற்று.

அவ்வெண் 44,100 என்று அமைந்ததற்குத் தொலைக்காட்சியே காரணம். தொடக்கத்தில் எண் வடிவ ஒலியைப் பதிவு செய்ய வீடியோ நாடாவைப் பயன்படுத்தினர். ஒரு வரிக்கு 3 அளவுகள், ஒரு புலத்துக்கு 245 வரிகள், விநாடிக்கு 60 புலங்கள் என்று பெருக்கிப் பாருங்கள், 44,100 வரும். 294 வரிகளும் 50 புலங்களும் உள்ள முறையிலும் அதே விடை வரும். 1982-ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த காம்பாக்ட் டிஸ்க் இவ்வெண்ணையே மேற்கொண்டது. திரைப்படம், தொலைக்காட்சி ஆகியவற்றின் தொழிலிலோ 48,000 என்பது வழக்காயிற்று. இவ்விரு வழக்குகளும் இன்றளவும் அருகருகே வாழ்கின்றன.

பதிவு ஒரு வீதத்திலும் சவுண்ட் கார்டு வேறொரு வீதத்திலும் இருந்தால், இடையே ஒன்றை மற்றொன்றாக மாற்றித் தரும் மொழிபெயர்ப்பாளர் வேண்டும். பெரும்பாலும் இயங்குதளமே அப்பணியைச் செய்துவிடுகிறது. புதுப்பித்தலின்போது அமைப்புகள் மாறி அவ்வுதவி கிடைக்காமற்போனால், சாதனம் திறக்க மறுக்கும். அல்லது பதிவு தவறான வேகத்தில் ஓடும். வேகப் பிழையைக் கடிகாரத்தைக் கொண்டே கண்டுபிடிக்கலாம். 44,100 வீதத்தில் எடுத்த பத்து நிமிடப் பதிவை 48,000 வீதத்தில் ஓட்டினால், 9 நிமிடம் 11 விநாடியில் முடிந்துவிடும். பேசுவோர் குரல் ஏறக்குறைய ஒன்றரைச் சுரத்தானம் உயர்ந்து, முதியவர் இளைஞர்போல் பேசுவார். 48,000 வீதத்தில் எடுத்ததை 44,100-இல் ஓட்டினால், அதுவே 10 நிமிடம் 53 விநாடியாக நீண்டு, குரல் கனத்துத் தாழும். பதிவின் வீதத்தையும் இயங்குதளத்தில் ஒலிக்கருவிக்குக் குறித்துள்ள வீதத்தையும் ஒன்றாக்கினால் இக்குறை நீங்கும்.

விண்டோஸ் கணினியில் மென்பொருளுக்கும் சவுண்ட் கார்டுக்கும் இடையே ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் உள்ளன. எம்.எம்.இ. என்பது பழைய வழி. டைரக்ட் சவுண்ட் அதன் பின் வந்தது. வாசபி என்பது 2007-இல் விற்பனைக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவோடு வந்த வழி. ஒரு வழி அடைபட்டிருந்தால் மற்றொன்றைத் தேர்ந்து பார்க்கலாம். மேலும், ஒலிக்கருவியைத் தனக்கே உரியதாக்கிக்கொண்டு பிறருக்கு இடங்கொடாத உரிமையையும் விண்டோஸ் சில நிரல்களுக்கு அளிக்கிறது. அத்தகைய நிரல் ஒன்று பின்னணியில் திறந்திருந்தால் நம் மென்பொருள் வாசலில் நிற்க வேண்டியதுதான். மற்ற நிரல்களை மூடிவிட்டு மீண்டும் முயல்வது இதனால்தான் பலனளிக்கிறது.

ஒலி விட்டுவிட்டுக் கேட்பதும், இடையிடையே பொரிவதுபோல் சத்தம் எழுவதும் வேறு வகைக் குறை. பம்பு செட்டிலிருந்து நீர் விட்டுவிட்டு வந்தாலும், தொட்டியில் தேங்கியபின் ஒரே சீராக ஓடுகிறது அன்றோ? அதுபோல் மென்பொருள் சிறிது ஒலியை முன்னரே சேர்த்து வைத்துக்கொண்டு அனுப்புகிறது. அத்தொட்டிக்கு 'பஃபர்' என்று பெயர். 100 மில்லி விநாடி அளவுள்ள தொட்டியில் 44,100 வீதத்தில் 4,410 அளவுகள் நிற்கும். புதிய பதிப்பு கணினிக்கு அதிக வேலை கொடுத்தால், தொட்டி நிறைவதற்குள் வற்றிவிடும். அவ்விடைவெளியே பொரியும் சத்தம். தொட்டியின் அளவைச் சிறிது கூட்டலாம். ஒலிக்கும்போதே இயங்கும் எதிரொலி, இரைச்சல் நீக்கம் போன்ற துணைநிரல்களை நிறுத்திப் பார்க்கலாம்.

இதுவரை கூறியவை மதகுக்குப் பின் உள்ள குறைகள். திரையில் அலைக்கோடே இல்லாமல் நேர்கோடாகக் கிடந்தாலும், கோப்பே திறக்காவிட்டாலும், மதகுக்கு முன்னே பார்க்க வேண்டும். இதற்கு நல்ல சான்று ஆடாசிட்டி என்னும் மென்பொருளின் வரலாறு. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டொமினிக் மசோனி, ரோஜர் டானன்பர்க் ஆகிய இருவரும் தொடங்கி, 2000-ஆம் ஆண்டு மே மாதத்தில் உலகுக்கு இலவசமாக வெளியிட்ட மென்பொருள் இது. இதன் பழைய பதிப்புகள் ஒரு பதிவை இரண்டு பகுதியாக வைத்தன: 'ஏ.யு.பி.' என்று முடியும் சிறு குறிப்புக் கோப்பு ஒன்று. ஒலியை ஏறத்தாழ ஆறாறு விநாடித் துண்டுகளாகத் தாங்கிய கோப்புறை ஒன்று. ஒரு மணி நேரப் பதிவுக்கு இவ்வாறு அறுநூறு துண்டுகள் சேரும். 2021-ஆம் ஆண்டு மார்ச் மாதம் வெளியான 3.0 பதிப்பு இவையனைத்தையும் 'ஏ.யு.பி.3' என்ற ஒரே கோப்பில் அடக்கியது.

பழைய பதிவைப் புதிய பதிப்பில் திறந்து புதிய வடிவில் சேமிக்கலாம். புதிய வடிவைப் பழைய பதிப்பில் திறக்க இயலாது. இதனை அறியாதோர் இரண்டு இடங்களில் இடறுகின்றனர். ஒன்று, வீட்டில் புதிய பதிப்பில் சேமித்ததைக் கல்லூரியில் பழைய பதிப்புள்ள கணினியில் திறக்க முயல்வது. மற்றொன்று, குறிப்புக் கோப்பை மட்டும் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு, ஒலித்துண்டுகள் உள்ள கோப்புறையை விட்டுவிடுவது. பின்னதில் திரையில் பதிவின் பெயரும் நீளமும் தோன்றும், ஒலி மட்டும் இராது. இது நூலின் பொருளடக்கத்தை எடுத்துக்கொண்டு நூலை வீட்டில் விட்டு வருவதை ஒக்கும். புதுப்பித்தலின்மேல் பழி போடுகிறோம். உண்மையில் விடுபட்டது கோப்புறை. அதனைத் தேடி முன்பு இருந்த இடத்தில், முன்பிருந்த பெயரிலேயே வைத்தால் பதிவு மீண்டும் பேசும்.

செல்போனில் எடுத்த பதிவுகளுக்கு மற்றோர் இடையூறு உண்டு. அவை பெரும்பாலும் எம்4ஏ போன்ற சுருக்கிய வடிவில் இருக்கும். அவற்றை விரித்துப் படிக்க ஆடாசிட்டி எஃப்.எஃப்.எம்பெக் என்னும் துணைநிரலை நாடுகிறது. பழைய பதிப்பு 32 பிட் வகையாகவும் புதியது 64 பிட் வகையாகவும் இருந்தால், பழைய துணைநிரல் புதியதற்குப் பயன்படாது. துணைநிரலிலும் 64 பிட் வகையையே ஏற்ற வேண்டும். கோப்பு கெடவில்லை, அதனைப் படித்துக்கூறும் துணைவர் மட்டும் உடன் வரவில்லை.

இவ்வளவையும் தொகுத்து நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். மென்பொருள் என்பது தனியே நிற்கும் பொருளன்று. கோப்பின் வடிவம், மாதிரி வீதம், துணைநிரல், இயங்குதளம் ஆகியவற்றோடு அது செய்துகொண்ட பல உடன்படிக்கைகளின் தொகுதியே அது. புதுப்பித்தல் என்பது அவ்வுடன்படிக்கைகளிற் சிலவற்றைத் திருத்தி எழுதுவது. திருத்தம் ஒருபுறம் நடந்து, மறுபுறம் பழையபடியே இருந்தால் பேச்சு நின்றுவிடுகிறது.

ஆகவே சோதிக்கும்போது விஞ்ஞானிகளின் முறையைக் கைக்கொள்ளுங்கள். ஒரு வேளையில் ஒரே ஒரு மாறுதலைச் செய்யுங்கள். செய்ததையும் விளைந்ததையும் ஒரு தாளில் குறியுங்கள். பயனில்லையேல் அதனைப் பழைய நிலைக்கு மாற்றிய பின்னரே அடுத்ததைத் தொடுங்கள். ஐந்து அமைப்புகளை ஒருங்கே மாற்றினால், குறை தீர்ந்தாலும் எதனால் தீர்ந்தது என்று தெரியாது. தீராவிட்டால் எதைக் கெடுத்தோம் என்றும் தெரியாது. எல்லாம் முயன்றும் பயனில்லையானால், பழைய பதிப்பையே மீண்டும் ஏற்றிக் காரியத்தை முடித்துக்கொள்வதில் இழுக்கில்லை.

வருமுன் காப்பது இவையனைத்திலும் சிறந்தது. அரிய பதிவு எதனையும் ஒரு மென்பொருளுக்கே உரிய வடிவில் மட்டும் விட்டுவைக்கலாகாது. பல மென்பொருள்களும் படிக்கக்கூடிய 'வேவ்' என்னும் வடிவில் ஒரு நகல் எடுத்து வைக்க வேண்டும். 44,100 வீதத்தில், ஓர் அளவுக்கு இரண்டு பைட்டுகள் என்று கணக்கிட்டால், ஒற்றைத்தடப் பேச்சு ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 318 மெகாபைட் ஆகும். இன்றைய பென் டிரைவுகளுக்கு இது சிறு சுமையே. ஒலி ஆவணக் காப்பகங்களின் உலகச் சங்கம், பழம்பதிவுகளை எண் வடிவாக்கும்போது 48,000 வீதத்துக்கும் 24 பிட்டுக்கும் குறையாமல் வைக்கப் பரிந்துரைக்கிறது. அந்நகலை வேறு வேறு இரண்டு இடங்களில் வையுங்கள். பேசியவர் பெயர், ஊர், நாள் ஆகியவற்றைக் கோப்பின் பெயரிலேயே குறியுங்கள். மென்பொருளைப் புதுப்பிக்கும் முன்னர், அந்நகல் ஒலிக்கிறதா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

மாணவ நண்பர்களே, யந்திரங்கள் மாறிக்கொண்டே இருக்கும். அவற்றை மாறாதிருக்கச் செய்ய நம்மால் இயலாது. ஆனால் உங்கள் ஊர்ப் பெரியவர்களின் சொற்களை இன்றே பதிவு செய்யலாம். மூலத்தைக் காத்து, நகலைச் சோதித்து, ஒவ்வொரு நிலையாக ஆராயவும் பழகலாம். பதிவு ஒலிக்காத நாளில் 'அழிந்தது' என்று சொல்லுமுன், 'எங்கே நின்றது?' என்று கேளுங்கள். சரியான இடத்தில் எழுப்பும் அக்கேள்வியே பெரும்பாலும் பதிவை மீட்டுத் தந்துவிடும்.